இராஜேஸ்வரி வேகத்தைக் குறைக்க மறுத்த விவகாரம்

கண்டி நகரில் இரைச்சல் பற்றிய முறைப்பாடுகளை ஏற்கும் கந்தோர் ஒன்று உண்டு. அதன் மூன்றாம் இலக்க மேசையில் பதினெட்டு வருடங்களாக அமர்ந்திருப்பவர் திருமதி இராஜேஸ்வரி சேதுராமன். வயது நாற்பத்தேழு. பதவி முகாமைத்துவ உதவியாளர், அதாவது கிளார்க். அரைக்கும் மில், குரைக்கும் நாய், கலியாண மண்டபத்து ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டுச் சேவல் என்று நகரத்தில் சத்தம் போடும் யாவும் அவருடைய மேசைக்கு வந்து, இலக்கம் பெற்று, பைலாகி, அடங்கியே தீரவேண்டும். சில சேவல்கள் தங்கள் பைல் மூடப்படுமுன்பே குழம்பாகி விட்டதுண்டு. அதற்குக் கந்தோர் பொறுப்பல்ல.

அந்தக் கந்தோரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தமிழில் வரும் கடிதம் எதுவானாலும் அவரே சிங்களத்தில் மொழிபெயர்த்து மேலதிகாரி சந்திரிகா மேடத்தின் முன் வைக்கவேண்டும். மேடத்தின் பதிலைத் தமிழாக்கி அனுப்புவதும் அவர்தான். அரசகரும மொழிக் கொள்கை முழுவதும் அந்தக் கட்டடத்தில் இந்தப் பெண்மணியின் பேனா முனையில் நின்றுகொண்டிருந்தது. அவர் லீவு போட்டால் கொள்கையும் லீவு.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலைத் தேநீருக்கு முன், அந்தக் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து.

“கட்டுக்கலை மேட்டு ஒழுங்கை 14/2 ஆம் இலக்க வீட்டிலிருந்து வார நாட்களில் மாலை நாலே முக்கால் தொடக்கம் ஆறு மணிவரை ஒரு சத்தம் எழுகின்றது. அது பாட்டு அல்ல. பாட்டின் ஒரு துண்டு. இரண்டு வினாடி நீளமான அத்துண்டு ஒரே மாலையில் இருநூறு தடவைக்கு மேல் வருகின்றது. கடந்த வியாழன் நானே எண்ணினேன்: இருநூற்றுப் பதினாறு. பழைய தகரப்பெட்டியைப் படிக்கட்டில் உருட்டி, மீண்டும் மேலே கொண்டுபோய், மீண்டும் உருட்டுவது போன்றது அச்சத்தம். செய்பவர் ஒரு பெண் என்று அறிகின்றேன். நல்ல மனநிலையில் உள்ளவர்தானா என்று அறியேன். இங்ஙனம், க. பொன்னுத்துரை, ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர்.”

இராஜேஸ்வரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். 14/2 இல் வசிப்பவர்கள், காது மந்தமான ஒரு முன்னாள் தபால்காரரும் அவருடைய பூனையும். சத்தம் எழுவது 14/3 இலிருந்து. 14/3 அவருடைய வீடு. வியாழக்கிழமைக் கணக்கும் பிழையாக இருக்க நியாயமில்லை. அன்று ட்ரம்ஸின் ஓர் அடி உட்காரவேயில்லை.

இந்த இடத்தில், ஓர் அரச ஊழியர் மாலையில் வீட்டுக்குப் போய்த் தகரப்பெட்டி உருட்டவேண்டிய அவசியம் என்ன என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயம்.

ஆறு வருடங்களுக்கு முன் நாவலப்பிட்டிக்கு மேலே தேயிலைத் தோட்டத் துரைமார் கிளப் ஒன்றை இடித்துச் சாமான்களை விற்றார்கள். இராஜேஸ்வரியின் கணவர் சேதுராமன் பிளாஸ்டிக் வாளி, பேசின் விற்கும் கடைக்காரர். கிளப் கதிரைகளை வாங்கப் போனவரிடம், அரிசி போட்டு வைக்க இரண்டு தேயிலைப் பெட்டி கொண்டுவரச் சொன்னார் இராஜேஸ்வரி. பெட்டிகள் வந்தன. திறந்தால் உள்ளே அரிசி போட இடமில்லை. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றுச் சுற்றும் சிறிய இசைத்தட்டுகள், நூற்றுப் பதின்மூன்று. அமெரிக்காவில் கறுப்பினத்தவர்கள் பாடி, அடித்து, ஊதி, வியர்த்துப்போய்ப் பதிந்த ஸோல், ஃபங்க் தட்டுகள். மலைநாட்டு மழைக்குள் எந்தத் துரை அவற்றுக்கு ஆடினாரோ தெரியாது. லேபிள்களைப் பூச்சி தின்றிருந்தது. பாடியவர் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை.

பெயரில்லாத ஒன்றைக் கண்டால் ஒரு முகாமைத்துவ உதவியாளர் என்ன செய்வார்? இலக்கம் போடுவார். 45/1 முதல் 45/113 வரை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பைல் மட்டை. கலகெதரயில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய பிளேயரில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, கந்தோர் நடையிலேயே குறிப்பும் எழுதினார்: “45/31. இரண்டாம் பக்கம். ஒரு நிமிடம் பன்னிரண்டாம் வினாடியில் பாடகர் ஓய்வு. ட்ரம்ஸ்காரர் தனித்துச் செயற்படுகிறார். மேலதிக நடவடிக்கைக்கு.”

அந்த ‘மேலதிக நடவடிக்கை’தான் விவகாரம். பாடகர் மூச்சு வாங்கும் நேரத்தில், கிட்டார்க்காரர் கையை உதறும் நேரத்தில், ட்ரம்ஸ்காரர் மட்டும் இரண்டு வினாடி வெளுத்துக் கட்டுவாரே, அந்தத் துண்டை இராஜேஸ்வரி கணினிக்குள் பிடிப்பார். அதைக் கத்தரித்து ஒவ்வோர் அடியாகப் பிரிப்பார். பதினாறு பொத்தான் கொண்ட ஒரு சிறு பெட்டியில் பொத்தானுக்கு ஓர் அடியாக ஏற்றி, தன் விரலால் தட்டித் தட்டி, அந்த மனிதர் கனவிலும் அடித்திராத தாளத்தை அவர் கையாலேயே அடிக்க வைப்பார். இதற்குப் ‘பீட்’ போடுவது என்று பெயர். யூடியூபில் பார்த்துப் படித்தார். பார்த்த எல்லாரும் ஒரே புத்தி சொன்னார்கள்: வேகமான தட்டா, முதலில் வேகத்தைக் குறை. குறைத்தால் கனம் வரும், சோகம் வரும், ரசிகர் வருவர்.

இராஜேஸ்வரி குறைக்கவில்லை. 45/31 நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு அடி ஓடுகிறதென்றால் அவருடைய பீட்டும் நூற்று நாற்பத்தெட்டிலேயே ஓடும். காரணத்தை ஒருநாள் சேதுராமனிடம் சொன்னார். “ஒரு பைலு என் மேசையிலேருந்து அடுத்த மேசைக்குப் போக மூணு வாரம் ஆவுதுங்க. நடுவுல எட்டடி தூரம். நாள் பூரா அதப் பாத்துட்டு வந்து வீட்லயும் மெதுவாப் போகச் சொல்றீங்களா?”

சேதுராமன் எதையும் மெதுவாகப் போகச் சொல்லவில்லை. அவர் கடை மூடி வந்து செருப்பைக் கழற்றும்போது தினமும் ஒரே கேள்விதான். “இன்னிக்கி எத்தன வினாடி முடிஞ்சிச்சு?”

“ஒன்னரை.”

“பரவால்லியே. நேத்து முக்கால்தானே.”

இந்தப் பீட்டுகளுக்கு வாய் கொடுப்பவர் சுதேஷ். கண்டி–நாவலப்பிட்டி பஸ்ஸில் கண்டக்டர், வயது முப்பத்துமூன்று, ஞாயிறுகளில் ராப்பர். அவரும் ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார்.

“அக்கா, கொஞ்சமா ஸ்லோ பண்ணுங்களேன். வாயில வார்த்த நிக்க மாட்டேங்குது.”

“பேராதெனிய கெலிஓய கம்பளை உலப்பனை நாவலப்பிட்டின்னு ஒரே மூச்சில கத்துறீங்கள்ல? அங்க நிக்குதுல்ல?”

“அது தொழில்க்கா.”

“இது மட்டும் என்னா, ஜாலியா? ஏறுங்க தம்பி, ஏறுங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு.”

சுதேஷ் ஏறினார். நூற்று நாற்பத்தெட்டில் பாடினார். இருமினார். மறுபடி பாடினார். அதைக் கேட்டவர்கள் உலகம் முழுவதிலும் நானூற்றுச் சொச்சம் பேர். அதில் அறுபது பேர் அந்த பஸ்ஸில் ஏறுபவர்கள்.

இதுதான் தகரப்பெட்டியின் வரலாறு. இனி, கடிதம்.

இராஜேஸ்வரியின் முன்னே மூன்று வழிகள் இருந்தன. கடிதத்தைத் தொலைக்கலாம், கந்தோர்களில் கடிதம் தொலைவது இயற்கை. மொழிபெயர்ப்பில் மிருதுவாக்கலாம், சரிபார்க்க ஆளில்லை. முகவரி பிழை என்று திருப்பியனுப்பலாம். அது முழுக்கச் சட்டபூர்வம். தேநீர் ஆறும்வரை யோசித்தார். பிறகு, ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் எழுதினார். தகரப்பெட்டி சிங்களத்துக்குப் போயிற்று. இருநூற்றுப் பதினாறும் போயிற்று. ‘நல்ல மனநிலையில் உள்ளவர்தானா’ என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. அதுவும் போயிற்று. 14/2 ஐ வெட்டி 14/3 என்று திருத்தி, பக்கத்தில் தன் சுருக்கொப்பம் வைத்தார். தபால்காரரின் பூனை நிரபராதி.

சந்திரிகா மேடம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் பேசியது சிங்களத்தில். இங்கே தமிழில் தரப்படுகிறது.

“இராஜேஸ்வரி, 14/3 உங்க வீடுதானே?”

“ஆமா மேடம்.”

“கடிதத்துல 14/2ன்னு இருக்கு. இலக்கம் எனக்கும் வாசிக்கத் தெரியும்.”

“பிழையா எழுதியிருக்காரு. திருத்திட்டேன்.”

“உங்களைப் பத்தின முறைப்பாட்டை நீங்களே திருத்தினீங்களா?”

“முகவரி பிழைன்னா பைல் திரும்பி வரும் மேடம். வேல இரட்டிப்பாகும்.”

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். முப்பது வருடச் சேவையில் அவர் லஞ்சம் கண்டவர், பொய் கண்டவர். இப்படியொரு நேர்மை அவருக்குப் பயிற்சியளிக்கப்படாத துறை. தள ஆய்வு செய்வதென்று தீர்மானித்தார்.

அடுத்த புதன்கிழமை நாலே முக்காலுக்கு, அடுத்த வீட்டுப் பொன்னுத்துரையின் விறாந்தையில் ஒரு கதிரை போடப்பட்டது. கதிரையில் ஆள் அமரவில்லை. ஒலியளவு பார்க்கும் கருவி அமர்ந்தது. மதிலுக்கு அப்பால் இராஜேஸ்வரி தன் வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்து, வழமையான சத்தத்தில் 45/31 ஐ ஓடவிட்டார். தடதட தடக், தடதட தடக். கருவி காட்டிய எண், அனுமதித்த அளவுக்கு நன்றாகக் கீழே இருந்தது. நடுவில் பாண் விற்கும் ஓட்டோ ஒன்று தன் ஒலிபெருக்கி வாத்தியத்தோடு ஒழுங்கையால் போயிற்று. எண் எகிறிக் குதித்தது. பொன்னுத்துரையே எழுந்துபோய் அதில் மீன் வைத்த மாலுபாண் இரண்டு வாங்கி வந்தார். அதைப் பற்றி முறைப்பாடு ஏதும் இல்லையென்றார்.

மதிலுக்கு அப்பால் நிற்பவர்தான் தன் கடிதத்தை மொழிபெயர்த்தவர் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. பொன்னுத்துரை யாழ்ப்பாணத்து மனிதர், உத்தியோகம் முழுவதும் மலைநாட்டு ஸ்டேஷன்களில், அந்தக் குளிர் மனதுக்குப் பிடித்துப்போய் எட்டு மாதத்துக்கு முன் கட்டுக்கலையில் குடியேறியவர். சிங்களமும் ஆங்கிலமும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அரசுக்கு எழுதுவதென்றால் தமிழில் மட்டுமே எழுதுவார். அது உரிமை, சலுகையில்லை என்பார்.

“பிள்ளை, நீரோ மொழிபெயர்த்தனீர்?”

“ஆமா சார்.”

“அந்த மனநிலை விசயமும்?”

“அதும் போட்டிருக்கேன்.”

பொன்னுத்துரை மாலுபாணைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தார். “நேர்மையான ஆள்தான். ஆனா சத்தம் பிழை. கூடக் குறைவு எண்டு நான் சொல்லேல்லை. திரும்பத் திரும்ப வாறது, அதுதான் பிழை. முழுப்பாட்டையும் போடும், ஆர் வேண்டாமெண்டது?”

“முழுப்பாட்டு அவங்களோடது சார். இந்த ரெண்டு வினாடியில நான் செய்றதுதான் என்னோடது. முப்பது வருஷம் ரயில் சத்தம் கேட்டவரு நீங்க. அதும் ஒரே சத்தந்தானே திரும்பத் திரும்ப?”

“ரயில் போயிடும் பிள்ளை! ஒரு ஸ்டேசனுக்கு வந்திட்டு அடுத்த ஸ்டேசனுக்குப் போயிடும். உம்மடை சாமான் ஒரே ஸ்டேசனிலை நிண்டு சுத்துது. பச்சைக்கொடி காட்டிக் காட்டி எனக்குக் கை நோகுது!”

இராஜேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். ஆய்வு நேரத்தில் சிரிப்பது பைலுக்கு நல்லதல்ல.

சட்டத்தில் சத்தத்தின் அளவுக்கு வரம்பு உண்டு, நேரத்துக்கு வரம்பு உண்டு. திரும்பத் திரும்ப வருவதற்கு வரம்பே இல்லை. இருந்திருந்தால் அரசியல் கூட்டம் எதுவும் நடத்த முடியாது. ஆகவே முறைப்பாடு அந்த இடத்திலேயே மடிந்திருக்க வேண்டும். ஆனால் கந்தோருக்குக் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. இரைச்சலை அடக்கும் மேசையில் இருப்பவர் வீட்டிலேயே இரைச்சல் என்றால் ஊர் என்ன சொல்லும்? மேடத்துக்கும் மேலேயிருந்த யாரோ, பெயர் குறிப்பிடாமல், தொலைபேசியில் இருமினார். மறுநாள் மேசைக்கு ஒரு தாள் வந்தது. பொறுப்புறுதிக் கடிதம்.

“கீழே ஒப்பமிடும் நான், எனது வதிவிடத்தில் இசை, இசை போன்ற, அல்லது இசையெனச் சந்தேகிக்கப்படும் ஒலி எதனையும் எழுப்பமாட்டேன் என இத்தால் உறுதியளிக்கிறேன்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடுங்க” என்றார் மேடம். “இல்லாட்டி உங்களை இந்த மேசையிலேருந்து எடுத்து ஆவண அறைக்குப் போடச் சொல்லி இருக்கு. என் கையில இல்ல. சும்மா ஒரு கையெழுத்து. போட்டுட்டுப் போய், ஹெட்போன் போட்டுக் கேளுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?”

மேடம் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் இராஜேஸ்வரியைச் சுட்டது. ஹெட்போனில் கேட்பது அவருக்குப் புதிதல்ல. காதுக்குள் கேட்கிற ட்ரம்ஸுக்கு உடம்பு இல்லை. சுவரில் பட்டு, கதிரையில் ஏறி, முழங்காலைத் தொட்டால்தான் அடி உட்கார்ந்ததா இல்லையா என்று தெரியும். ஆனால் அதுகூட இரண்டாவது காரணம். பதினெட்டு வருடமாக ஊரார் கைப்பட எழுதிய சத்தங்களையெல்லாம் வாசித்து அடக்கியவர் அவர். தன் சத்தம் என்று ஒன்று அவருக்கு இருந்தது நாலே முக்காலுக்கும் ஆறுக்கும் நடுவில்தான்.

வெள்ளிக்கிழமை காலை தாளை மேடத்திடம் திருப்பிக் கொடுத்தார். ஒப்பமிடும் இடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே சொல் எழுதியிருந்தது: மறுக்கிறேன்.

“யோசிச்சீங்களா?”

“சட்டத்துல இல்லாத குத்தத்துக்கு எந்தச் சட்டத்துல மேடம் கையெழுத்துப் போடுறது? அளந்தீங்க. கொறவா இருந்திச்சு. பைல மூடுங்க. மூட மாட்டீங்கன்னா என்னைய தூக்கிப் போடுங்க. நா சத்தத்த நிறுத்த மாட்டேன்.”

“கொஞ்சம் வேகத்தையாவது…”

“அதையும் கொறைக்க மாட்டேன்.”

திங்கட்கிழமை அவர் ஆவண அறைக்கு இறங்கினார். ஜன்னல் இல்லாத நிலக்கீழ் அறை. நகரத்தின் நாற்பது வருடத்து இரைச்சல் கட்டுக்கட்டாக அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. தும்மல் வந்தது. இரும்பு அலுமாரிக் கதவு ஒன்றை இழுத்துச் சாத்தும்போது சத்தம் ‘டம்’ என்று அடிவயிற்றில் விழுந்தது. அதைப் போனில் பிடித்துக்கொண்டார். தண்டனை என்று அனுப்பிய இடத்தில் மூலப்பொருள் கிடைக்கும் என்பதை எந்தச் சுற்றறிக்கையும் எதிர்பார்க்கவில்லை. சேதுராமன் அன்று செருப்பைக் கழற்றாமலே கேட்டார். “கஷ்டமா இருக்கா?”

“தூசி. வேற ஒன்னுமில்ல.”

“சத்தம்?”

“இருக்கு.”

“அப்பச் சரி” என்று செருப்பைக் கழற்றினார்.

அவருக்குச் சரியாக இருந்தது. இராஜேஸ்வரிக்கு அவ்வளவு சரியில்லை. இரண்டாவது வாரம் ஒருநாள் மாலை நாலே முக்காலாகியும் பொத்தானில் கை வைக்காமல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடத்து மேசை. அதில் இப்போது யாருடைய சாப்பாட்டுப் பெட்டியோ இருந்தது. மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“பிள்ளை, இண்டைக்கு ஏன் சத்தமில்லை? சுகமில்லையோ?”

“நீங்க ஜெயிச்சிட்டீங்கன்னு நெனச்சீங்களா சார்?” என்று எழுந்துபோய்ப் பிளேயரைப் போட்டார். அன்று இருநூற்று நாற்பது தடவை.

மேலே மூன்றாம் இலக்க மேசையில் தமிழ்க் கடிதங்கள் சேர்ந்தன. முதல் வாரம் பதினொன்று. இரண்டாம் வாரம் இருபத்தெட்டு. அலவத்துகொடயிலிருந்து வந்த மர ஆலை முறைப்பாட்டைச் சேவல் என்று ஊகித்து, சேவலை அடக்கும்படி ஓர் உத்தியோகத்தர் ஆலைக்காரருக்கே கடிதமும் அனுப்பிவிட்டார். ஆலைக்காரர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதாகக் கேள்வி. அந்தக் குவியலில் பொன்னுத்துரையின் கடிதங்கள் மட்டும் நாலு. முதலாவது, இன்னும் பதில் போகாத அந்தத் தகரப்பெட்டிக் கடிதம். மற்ற மூன்றும் முதலாவதுக்குப் பதில் வராதது பற்றியவை. நாலாவதன் பிரதி மேலிடத்துக்கும் போயிருந்தது: தமிழில் எழுதும் பிரசைக்குத் தமிழில் பதிலளிக்க முடியாத கந்தோரைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் தரும்படி அதில் கேட்டிருந்தார். இதற்கு முன்பு இருமியவர் இப்போது தொலைபேசியில் கத்தினார்.

நாலாவது திங்கள், சந்திரிகா மேடம் தானே படியிறங்கி வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

“இராஜேஸ்வரி, மேலே வாங்க.”

“அந்தக் கடிதம், மேடம்?”

“எந்தக் கடிதம்?”

“இசையெனச் சந்தேகிக்கப்படும் ஒலி.”

மேடம் சுற்றிலும் பார்த்தார். “இந்த அறையில கடிதங்கள் தொலையுமா?”

“தொலையாது மேடம். நா இருக்கேன்ல. பைல்ல ‘இரத்துச் செய்யப்பட்டது’ன்னு எழுதி ஒப்பம் வைங்க, வர்றேன்.”

தூசி படிந்த அலுமாரியின் மேல் தாளை வைத்தே மேடம் எழுதி ஒப்பமிட்டார். எழுதும்போது ஏதோ முணுமுணுத்தார். அது தமிழாக்கப்படவில்லை.

மேசைக்குத் திரும்பியவர் அன்றே முதலில் எடுத்தது பொன்னுத்துரையின் கடிதத்தைத்தான். மேடம் சிங்களத்தில் சொல்ல, அவர் தமிழில் எழுதினார். ஒலியளவு அனுமதித்த எல்லைக்குள் உள்ளது. ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. தங்கள் முறைப்பாட்டின்பேரில் மேலதிக நடவடிக்கை சாத்தியமில்லை என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறோம். ‘மனவருத்தத்துடன்’ என்ற சொல்லை மேடம் சொல்லவில்லை. மூலத்தில் இல்லாத ஒன்றை இராஜேஸ்வரி சேர்த்தது தன் சேவைக்காலத்தில் அந்த ஒரு முறைதான்.

வியாழக்கிழமை நாலே முக்காலுக்கு ஜன்னலைத் திறந்தார். மதிலுக்கு அப்பால் பொன்னுத்துரை கடித உறையைக் கத்தரியால் நேராக வெட்டி, விறாந்தைக் கதிரையில் அமர்ந்து, முழுவதும் வாசித்து முடித்தார்.

“பிள்ளை!”

“சொல்லுங்க சார்.”

“பதில் வந்திட்டுது. தமிழ் திறம். ஒரு பிழையில்லை. ஆனா நான் ஒப்புக்கொள்ளேல்லை. மேன்முறையீடு செய்வன்.”

“செய்யுங்க சார். வந்த அன்னிக்கே மொழிபெயர்த்து மேல அனுப்புறேன்.”

“கடுமையா எழுதுவன்.”

“கடுமையாவே மொழிபெயர்க்கிறேன்.”

“ஓம், அப்ப சரி. நான் எண்ணத் தொடங்கிறன்” என்று பொன்னுத்துரை பென்சிலைக் கூராக்கினார்.

இராஜேஸ்வரி வேகத்தை ஒருமுறை சரிபார்த்தார். நூற்று நாற்பத்தெட்டு. அதை நூற்று ஐம்பத்திரண்டாக்கி, முதல் பொத்தானை அழுத்தினார்.